"இழுக்குது"ன்னு மட்டும் சொல்லாதீங்க: ஸயாமாகிட்ட கேள்வி பதில்

ரங்கூன்ல எமர்ஜென்சி வார்டுல 22 வருஷம் நர்ஸா இருந்தேன், இப்ப இலவச ஆம்புலன்ஸுக்கு வர்ற நம்ம பசங்களுக்குக் கிளாஸ் எடுக்குறேன், அதான் ஸயாமா, பர்மால டீச்சரம்மான்னு அர்த்தம். முதலுதவி வார்த்தைங்க பத்தி என்ன வேணா கேளுங்க, வைத்தியம் மட்டும் கேக்காதீங்க.

தட்டோன் பொண்ணு: ஸயாமா, புக்கு இங்கிலீஷ்ல, கிளாஸ் பர்மால, எனக்கு யோசனை வர்றது தமிழ்ல. எப்படி மனப்பாடம் பண்றது?

மனப்பாடம் பண்ணாதம்மா, உடைச்சுப் பாரு. டாக்கி வேகம், பிராடி மந்தம், கார்டியான்னா இதயம். இப்ப டாக்கிகார்டியா, பிராடிகார்டியா ரெண்டும் உனக்கே புரிஞ்சிருக்கும். ஈமியான்னு முடிஞ்சா ரத்தத்துல உள்ள சமாச்சாரம். ஹைப்போ கம்மி, ஹைப்பர் அதிகம், ஆனா இந்த ரெண்டையும் போன்ல சொல்லவே சொல்லாத, சைரன் சத்தத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும், "சுகர் கம்மி, மெஷின்ல 48"ன்னு நம்பரோட சொல்லு.

பர்மா வார்த்தையையும் இப்படியே உடை. மயக்கத்துக்கு "ததிலிட்"னு சொல்றாங்கல்ல, அந்த ததி பாலியில இருந்து வந்தது, நினைவுன்னு அர்த்தம், நம்ம "நினைவு தப்பிருச்சு"தான் அது. பக்கவாதத்துக்கு அவங்க சொல்ற "லேபியட்"டுல லேன்னா காத்து, பியட்னா வெட்டு. நம்ம பக்கவாதத்துலயும் வாதம் காத்துதான். ரெண்டு பேரும் சேந்து காத்து மேல பழியப் போட்டுட்டோம், உண்மையில மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கும், இல்ல வெடிச்சிருக்கும். வலிப்புக்கு அவங்க பன்னியப் பேருல சேத்தாங்க, நாம காக்காயச் சேத்தோம், பாவம் ரெண்டும்.

பெகு பையன்: எல்லா வார்த்தையும் பிடிஎஃபா கிடைக்குமா அக்கா?

கிடையாது தம்பி. நோட்டுல எழுது.

மோல்மேன் வாத்தியார்: மாரடைப்புன்னு அழகான தமிழ்ச் சொல் இருக்கும்போது ஹார்ட் அட்டாக், கார்டியாக் அரெஸ்ட்னு பசங்களை ஏன் குழப்புறீங்கம்மா? எல்லாம் ஒண்ணுதானே?

ஒண்ணு இல்ல சார், அதான் பிரச்சினையே. ஹார்ட் அட்டாக்னா இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் அடைச்சிருச்சு, பெரும்பாலும் ஆளு முழிச்சிருப்பாரு, வேர்க்கும், "கேஸ்தான், சோடா குடு"ம்பாரு. கார்டியாக் அரெஸ்ட்னா இதயம் நின்னுபோச்சு, கூப்பிட்டா அசைவே இருக்காது. முதல் ஆளை நடக்கவிடாம உக்கார வெச்சு வண்டியக் கூப்பிடணும், ரெண்டாவது ஆளுக்கு அந்த நிமிஷமே நெஞ்சை அமுக்கணும். நம்ம பேப்பர்ல ரெண்டுக்கும் மாரடைப்புன்னுதான் எழுதுறாங்க.

டாலா அண்ணன்: வாத்தியார் சொல்றது சரிதான், தமிழ்ல இல்லாத சொல்லா?

மோல்மேன் வாத்தியார்: அப்படிச் சொல்லுங்க தம்பி!

நான் எங்க இல்லன்னு சொன்னேன்? "இதயம் நின்னுருச்சு"ன்னு சொல்லுங்களேன், எவ்வளவு நல்ல தமிழ். எனக்கு வயித்தெரிச்சல் "இழுக்குது"ங்கற வார்த்தை மேலதான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலும் இழுக்குது, வீசிங் வந்தாலும் இழுப்பு, சாகப்போற மூச்சும் இழுத்துக்கிட்டு கிடக்குது. ஒரு ராத்திரி "அப்பாவுக்கு இழுக்குது"ன்னு போன் வந்துச்சு, கூட வந்த பையன் வீசிங்னு நெனச்சு ஆக்ஸிஜனை எடுத்து வெச்சான். போய்ப் பாத்தா பெரியவர் பாயில கிடக்குறாரு, ஒரு மருமக உள்ளங்கால்ல தைலம் தேய்க்குது, இன்னொருத்தர் வாயில ஸ்பூனைத் திணிக்குறாரு, வலிப்பாம். பத்து செகண்டுக்கு ஒருதடவ தாடை மட்டும் மேல போய் மீன் மாதிரி வாயைத் திறக்குது. அது மூச்சே இல்லைங்க, இதயம் நின்னப்புறம் வர்ற வெறும் இழுப்பு. வீடு நிறைய ஆளு, ஒருத்தரும் நெஞ்சுல கை வைக்கல. கேட்டா "மூச்சு வருதே"ன்னாங்க.

கூப்பிட்டா அசையல, மூச்சு சரியா இல்லைன்னா நெஞ்சு நடுவுல 5 சென்டிமீட்டருக்குக் குறையாம (6ஐத் தாண்டாம), நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவ அமுக்குங்க. போன்ல இழுக்குதுன்னா எது இழுக்குது, கையா, நெஞ்சா, தாடையா, அதைச் சொல்லுங்க. வலிப்பாவே இருந்தாலும் வாயில ஸ்பூன், கையில சாவி, ரெண்டும் வேணாம்.

மோல்மேன் வாத்தியார்: இதயம் நின்னுருச்சு, ஒத்துக்கிறேன். ஆனா மாரடைப்பை விடமாட்டேன்.

விடாதீங்க சார், முழிச்சிருக்குற ஆளுக்கு மட்டும் வெச்சுக்கங்க.

நெல்லு வயல்: ஹீமோடாக்ஸிக்னா என்ன? பாம்பு கடிச்சா மேல கயிறு கட்டணும்ல?

கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. ஹீமோன்னா ரத்தம், டாக்ஸிக்னா விஷம். நம்ம வயல்ல அதிகம் கடிக்கிறது கண்ணாடி விரியன், அதோட விஷம் ரத்தத்தை உறையவிடாது, நீங்க பிளேடால கீறினா அந்தக் காயமே நிக்காம ஒழுகும். ஆஸ்பத்திரில கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாய்ல விட்டு 20 நிமிஷம் ஆட்டாம வெச்சு, அப்புறம் சாய்ச்சுப் பாப்பாங்க, தண்ணியா ஓடினா விஷம் ஏறிருச்சுன்னு அர்த்தம். காலை ஆட்டாம தூக்கிட்டு வாங்க, கடிச்ச நேரம் சொல்லுங்க. இங்க விரியனுக்கு ஒரு மருந்து, நாகத்துக்கு வேற மருந்து, அதனால பாம்பு எப்படி இருந்துச்சுன்னு சொன்னா உதவும், ஆனா அதை அடிச்சுப் பையில போட்டுக் கொண்டாராதீங்க, செத்த தலையும் கடிக்கும்.

தீமிதி வாலண்டியர்: கால் வெந்தா மரப்பட்டை அரைச்ச தனக்கா பூசலாமா?

தனக்கா கன்னத்துக்கு. காலுக்கு ஓடுற தண்ணி, 20 நிமிஷம்.

பேர் சொல்லல: அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை ஒண்ணா ரெண்டா?

டாக்டரைக் கேளுங்க. மேலயே சொன்னேன்.

இன்செயின் தம்பி: பிடிஎஃப் இருக்கா?

இல்ல!!

தட்டோன் பொண்ணு: கடைசியா ஒண்ணு ஸயாமா. ஆம்புலன்ஸ் நம்பர் 192க்குப் போன் பண்ணா முதல்ல எதைச் சொல்றது, நோவு பேரையா?

நோவு பேரு வேணாம்மா. இடம், வயசு, முழிச்சிருக்காரா, மூச்சு எப்படி இருக்கு. பர்மால "ததிலிட்" வந்தா போதும், மிச்சத்தை அவங்க கேப்பாங்க. போனை மட்டும் நீயா வெச்சிராத.