ஐந்து ஏக்கரும் ஒரு மோட்டாரும்

கேள்வி: இத்தனை வருஷம் அடுக்குமாடியில் இருந்துவிட்டோம். நகரத்து விளிம்பில், பாதி கிராமம் போன்ற ஓர் இடத்தில், ஐந்து ஏக்கரோடு ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. நகரத்துக்குள் மூன்று அறை வீட்டுக்குக் கேட்கும் அதே விலைதான். குழாய்த் தண்ணீர் இணைப்பும் பாதாளச் சாக்கடையும் கிடையாது. "அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை" என்கிறார் புரோக்கர். நாங்கள் நான்கு பேர். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: புரோக்கர் பாதி உண்மை சொல்கிறார். அது பிரச்சினை இல்லை, வேலை. நகரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, ஃபிளஷ் செய்தால் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நிர்வாகம் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து ஏக்கர் வாங்கினால் அந்த நிர்வாகம் நீங்கள்தான். அதனால் வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது சமையலறையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் தண்ணீர்த் தொட்டியிடம் போங்கள்.

கூரை மழையை நம்பும் வீடு என்றால் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர். சிந்தியது சிதறியது போக 4,500 என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு 600. ஆக, ஒரு நல்ல மழை உங்களுக்கு ஒரு வாரத் தண்ணீர். 20,000 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் ஒரு மாதம் ஓடும். தோட்டத்துக்குப் பாய்ச்ச ஆரம்பித்தால் இந்தக் கணக்கு நிற்காது. அந்தப் பக்கத்தில் வருஷத்தின் மிக நீண்ட வறண்ட காலம் எத்தனை மாதம் என்று பார்த்து, தொட்டி அதற்குத் தாங்குமா என்று வகுத்துக்கொள்ளுங்கள். தொட்டியைக் கையால் தட்டிக்கொண்டே கீழிருந்து மேலே வாருங்கள். சத்தம் மாறும் இடம்தான் தண்ணீர் மட்டம். விற்பவர் சொல்வதைவிட அது நம்பகமானது.

போர்வெல் என்றால் "தண்ணீர் அருமையாக வரும்" என்ற பேச்சோடு விடாதீர்கள். சில மணி நேரம் தொடர்ந்து மோட்டாரை ஓடவிட்டு, வரத்து குறைகிறதா என்று பாருங்கள். தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி உப்பு, நைட்ரேட், கிருமி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. கைக்குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுக்கும் வீடாக இருந்தால் இதில் அலட்சியம் வேண்டாம். நைட்ரேட்டைக் காய்ச்சிப் போக்க முடியாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இன்னொன்று, கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் தண்ணீர் நிற்கும். இப்படி ஒரு வீட்டுக்குக் குடிபோன முதல் வாரமே தலையில் ஷாம்பு நுரையோடு இருட்டில் நின்றவன் நான். உயரத்தில் ஒரு சின்னத் தொட்டியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும் என்பதால் கூரை உயரத் தொட்டி ஷவருக்குப் போதாது. பக்கெட் நிரப்பப் போதும்.

அடுத்தது செப்டிக் டேங்க். யாரும் பேச விரும்பாத விஷயம் என்பதால்தான் இங்கே ஏமாறுகிறோம். டேங்க் எங்கே, கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தார்கள், ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். "பத்து வருஷமாகத் தொட்டதே இல்லை, அவ்வளவு நல்ல டேங்க்" என்று பெருமையாகச் சொன்னால், கசடு வெளியேறி உறிஞ்சு பள்ளத்துக்குள் (டேங்கிலிருந்து வரும் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் பள்ளம்) போய் அடைத்திருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கைச் சுத்தம் செய்வது சில்லறைச் செலவு. பள்ளத்தைப் புதிதாகத் தோண்டுவது அப்படியல்ல.

கண்ணாலேயே பார்க்கலாம். சுற்றிலும் புல் காய்ந்து பழுத்திருக்கும்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டை மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தால், உறிஞ்சு பள்ளம் அதற்குக் கீழே. லேசான பச்சை சகஜம். மிதித்தால் சொதசொதவென்று செருப்பு உள்வாங்கினாலோ, வாடை வந்தாலோ மண் இனி ஏற்க மாட்டேன் என்கிறது என்று அர்த்தம். களிமண் நிலத்தில் இது சீக்கிரம் வரும். நல்ல மழை பெய்த மறுநாள் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். அன்றைக்கே மண் பாதையில் கார் சிக்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: ஐந்து ஏக்கரைப் பராமரிக்க வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இருவரும் வேலைக்குப் போகிறோம்.

பதில்: ஒரு மீட்டர் அகலம் வெட்டும், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி மணிக்கு ஆறு கிலோமீட்டரில் போனால், காகிதத்தில் மணிக்கு 6,000 சதுர மீட்டர். மரத்தைச் சுற்றி, மேட்டில் ஏறி, திரும்பி வருவதெல்லாம் சேர்த்தால் 4,500 வந்தாலே அதிகம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புல் விடாமல் வளரும் பருவத்தில் ஒரு சனிக்கிழமை காலை முழுக்கப் போய்விடும். பிறகு பெல்ட் அறுந்த சனிக்கிழமைகள் தனி.

வேலியைக் கேட்க மறந்துவிட்டீர்கள். ஐந்து ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 570 மீட்டர். அதே ஐந்து ஏக்கர் 50 மீட்டர் அகலத்தில் ஒல்லியாக நீண்டிருந்தால் 910 மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒரு வேலிக்கால் என்றால் முந்நூறுக்கு மேல். பரப்பளவைப் பார்த்து விலை பேசுபவர்கள் வடிவத்தைப் பார்ப்பதே இல்லை.

வார இறுதியில் ஓய்வெடுக்கத்தான் அங்கே போகிறீர்கள் என்றால் இரண்டு ஏக்கருக்குள் தேடுங்கள். பக்கத்து வீட்டுச் சத்தம் அடங்க அதுவே போதும்.

கேள்வி: "பின்னால் இரண்டு ஏக்கரைப் பிரித்து விற்றுக்கொள்ளலாம், குதிரை வளர்க்கலாம், பெரிய ஷெட் போடலாம்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அவ்வளவு சுலபமென்றால் அவரே ஏன் பிரித்து விற்கவில்லை? இந்த மாதிரிப் பகுதிகளில் குறைந்தபட்ச மனை அளவு என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது பிரிக்க விடாத அளவாகத்தான் இருக்கும். உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

வக்கீலிடம் பத்திரத்தில் யாருக்கெல்லாம் வழி உரிமை இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். மின்கம்பிக்கு அடியில், குழாய்க்கு மேலே, பின்னால் இருப்பவர் போய்வரும் பாதையில் எதுவும் கட்ட முடியாது. ஐந்து ஏக்கருக்குப் பணம் கொடுத்து மூன்றரையைப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். எல்லைக்கல்லை சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்; பழைய வேலி எல்லையில்தான் நிற்கிறது என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

குதிரை பற்றி: 500 கிலோ குதிரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து கிலோ காய்ந்த தீவனம் தின்னும். நிலம் தராத மாதங்களில் அதை நீங்கள்தான் வாங்கிப் போட வேண்டும்.

கேள்வி: வங்கிக் கடன், காப்பீடு இரண்டும் வழக்கம்போலத்தானே?

பதில்: இல்லை. சில வங்கிகள் வீட்டையும் அதை ஒட்டிய கொஞ்ச நிலத்தையும் மட்டும் மதிப்பிடும். மீதி நிலத்துக்கு உங்கள் கைப்பணம். முன்பணம் கொடுக்கும் முன்பே ஏக்கர் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். காப்பீட்டுக்கும் அப்படியே: அந்த முகவரிக்குத் தீ, வெள்ளம் இரண்டுக்கும் எழுத்தில் விலை வாங்குங்கள். தர மறுத்தால் அந்த இடத்தைப் பற்றி அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. காட்டுத்தீ வரும் பகுதியில் தீக்கு முன்னால் காற்றில் கங்கு பறந்து வரும். கூரைத் தகரக் கால்வாயில் கிடக்கும் சருகு போதும் வீடு பிடிக்க.

கேள்வி: வாங்கிவிட்டோம். பக்கத்து நிலத்துச் சேவல் நாலு மணிக்கே கூவுகிறது. எரு வாடை வேறு. யாரிடம் புகார் செய்வது?

பதில்: சேவல் உங்களுக்கு முன்பே குடிவந்தது. விவசாயத்துக்கென்று ஒதுக்கிய பகுதி என்றால் புகார் எடுபடுவது கஷ்டம். முதலில் வேலியோரம் போய்ப் பேசுங்கள். உங்கள் கார் சேற்றில் சிக்கும் நாளில் டிராக்டர் அவரிடம்தான் இருக்கும்.