களியக்காவிளைக்கும் கினியாவுக்கும் என்ன சம்பந்தம்?

வாசகர் கேள்வி பகுதி. விளவங்கோடு தாலுகாவில் நெடுங்காலம் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் எழுதுகிறார்.

கல்லூரி மாணவி (பெயரும் ஊரும் போட வேண்டாம் என்கிறார்): தொற்றுநோயைச் சமாளிக்க மற்ற நாடுகளைத் தயார்படுத்துகிறோம் என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் நிதி ஒதுக்குகின்றன. எங்கள் ஊரில் நாய்க்கடி ஊசிக்கே சில நாள் "நாளைக்கு வா" என்கிறார்கள். எங்கேயோ இருக்கும் நாட்டைத் தயார்படுத்தி நமக்கு என்ன ஆகப்போகிறது?

நாய்க்கடி ஊசி விஷயத்தில் உன் கோபம் நியாயம் மக்களே. ஸ்டாக் தீருவதற்கு முன்பே இண்டென்ட் போட, அதாவது மருந்து கேட்டு எழுதிப்போட, ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வேலையும் தெரிய வேண்டும், மாதச் சம்பளமும் வர வேண்டும். நாடுகளைத் தயார்படுத்துவதென்றால் பெரும்பாலும் இந்த மாதிரிச் சங்கதிதான். கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், அதனால்தான் யாரும் இதற்குக் காசு கொடுக்க முன்வருவதில்லை.

ஆப்பிரிக்கா வரைபடத்தை எடு. மேற்குப் பக்கத்தில் கினியா, லைபீரியா, சியரா லியோன் மூன்றும் முட்டிக்கொள்கிற மூலையில் கிசி என்ற இனத்தார் வாழ்கிறார்கள். பேச்சு ஒன்று, சொந்தபந்தம் ஒன்று, கோடு மட்டும் மூன்று நாடாகப் பிரித்திருக்கிறது. சந்தைக்கு ஒரு நாடு, கல்யாணத்துக்கு இன்னொரு நாடு, சாவு வீட்டுக்கு மூன்றாவது நாடு என்று போய்வருவார்கள். பளுகலில் பெண் கொடுத்து, எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலையில் பெண் எடுக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு நாமும் அவர்களும் ஒரே மாநிலம்தானே.

2013 டிசம்பரில் கினியா பக்கத்து மெலியாந்து கிராமத்தில் ஒரு சின்னக் குழந்தை இறந்தது. பிறகு வீட்டார், பிறகு அவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள். காலராவாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். ரத்த மாதிரி பிரான்சுக்குப் போய், எபோலா என்று முடிவு வந்தது 2014 மார்ச்சில். இடைப்பட்ட மூன்று மாதமும் நோய் மூன்று நாட்டுச் சந்தைக்கும் துட்டிக்கும் போய்வந்தது. கடைசியில் 28,600 பேருக்கு மேல் நோய், 11,300 பேருக்கு மேல் சாவு. மூன்று நாட்டிலும் எல்லையோரம் வேலை பார்த்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஒரு ஏற்பாடு முன்பே இருந்திருந்தால் எத்தனையோ உயிர் மிஞ்சியிருக்கும் என்பது என் எண்ணம்.

அதே வருஷம் நைஜீரியாவில் நடந்ததையும் கேள். ஜூலை 20 அன்று லைபீரியாவில் இருந்து லாகோஸ் விமான நிலையத்தில் வந்திறங்கியவர் அங்கேயே விழுந்தார். அரசு டாக்டர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில். அவரைச் சேர்த்திருந்த தனியார் ஆஸ்பத்திரியில் அமேயோ அடாடெவோ என்ற டாக்டரம்மா, அவரை வெளியே அனுப்பச் சொல்லி வந்த நெருக்குதலுக்கு அசையவில்லை. அந்த நோயே அவரையும் ஆகஸ்டில் கொண்டுபோயிற்று. அத்தனை கூட்டமான நகரத்தில் எபோலா புகுந்தால் என்ன ஆகும் என்று உலகமே பயந்தது. ஆனால் அங்கே போலியோ ஒழிப்புக்காக, வெளியுதவியும் சேர்ந்து உருவான ஓர் அவசரகால மையம் இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கிப் பழகிய ஆட்களும் இருந்தார்கள். அவர்களை அப்படியே எபோலா பக்கம் திருப்பினார்கள். நோயாளிகளோடு தொடர்பில் இருந்த 894 பேரையும் கண்காணிக்க ஏறத்தாழ 18,500 முறை நேரில் போனார்கள். நோய் கண்டவர்கள் 20, இறந்தவர்கள் 8. அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது.

போலியோவுக்குக் கொடுத்த காசு எபோலாவை நிறுத்தியது. அங்கே நிற்காமல் போயிருந்தால் லாகோஸில் இருந்து துபாய், துபாயில் இருந்து திருவனந்தபுரம். நம்மூரில் வளைகுடாவுக்குப் போன பிள்ளை இல்லாத தெரு எது?

களியக்காவிளை கோழிக்கடைக்காரர்: பறவைக் காய்ச்சல் என்று பேச்சு வந்தாலே செக்போஸ்டில் வண்டியை நிறுத்தி மருந்து அடிக்கிறார்கள், சில நேரம் திருப்பியே அனுப்புகிறார்கள். யாவாரம் படுத்துவிடுகிறது. இதையெல்லாம் வெளியே சொல்லாமல் அடக்கிவாசித்தால் என்ன?

அண்ணாச்சி, உங்களுக்கு வருகிற இந்த எண்ணம் பெரிய பெரிய அரசாங்கங்களுக்கும் வருகிறது. அதற்குக் காரணமும் உண்டு.

1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்று செய்தி பரவியது. வளைகுடா நாடுகள் உட்படப் பலர் இந்திய விமானங்களை நிறுத்தினார்கள், நம் சரக்கை வேண்டாம் என்றார்கள். நோயைவிட அந்தப் பயத்தால் வந்த நட்டம் பெரிசு. 2021 நவம்பரில் தென் ஆப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமைக்ரானைக் கண்டறிந்து ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். ஓரிரு நாளில் அவர்கள் நாட்டு விமானங்களுக்குத்தான் முதல் தடை விழுந்தது. உண்மையைச் சொன்னவனுக்கு இதுதான் பரிசு என்றால் அடுத்தவன் சொல்வானா? சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகள் என்று 2005-இல் ஏற்றுக்கொண்ட சட்டம் 196 நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. கவலைக்குரிய ஒன்று என்று மதிப்பிட்டால் 24 மணி நேரத்தில் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தேவையில்லாமல் போக்குவரத்தையும் வியாபாரத்தையும் முடக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தின் நோக்கம்தான். முதல் பாதியை எல்லோரும் நினைவுபடுத்துவார்கள், இரண்டாம் பாதி யாருக்கும் ஞாபகம் வராது.

குட்டநாட்டு வாத்துக்காரர்களைப் பாருங்கள். 2014-இலும் 2016-இலும் 2021-இலும் அங்கே பறவைக் காய்ச்சல் வந்தது, வாத்துகளைக் கொன்று அழித்தார்கள். 2021-இல் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு பறவைக்கும் 200 ரூபாய், குஞ்சுக்கு 100 ரூபாய் என்று கேரள அரசு நஷ்டஈடு அறிவித்தது. போதுமா என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அப்படி ஒரு தொகை இருப்பதால்தான் செத்த வாத்தை ஆற்றில் எறியாமல் மிருக டாக்டரைக் கூப்பிட ஒருவனுக்கு மனசு வருகிறது. இந்தியாவின் கால்நடை நோய்க் கண்காணிப்பைப் பலப்படுத்த, உலக வங்கியில் வைத்து நடத்தப்படும் பெருந்தொற்று நிதியில் இருந்து 2.5 கோடி டாலர் கிடைத்திருக்கிறது. அதில் ஆய்வகங்களுக்குப் போவது போகட்டும். சின்ன வியாபாரிக்கும் வளர்ப்பவருக்கும் கைகொடுக்க அரசு தனியாக ஒதுக்காவிட்டால், எத்தனை கருவி வாங்கினாலும் முதல் தகவல் வராது. அடக்கிவாசிக்க வேண்டாம் அண்ணாச்சி. வியாபாரிகள் சங்கத்தைக் கூட்டி நஷ்டஈடு கேளுங்கள்.

குழித்துறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஒவ்வொரு நாட்டுக்கும் தயார்நிலைக்கு மார்க் போடுகிறார்களாமே, அதை நம்பலாமா?

மார்க் போட்டே காலம் கழித்த உங்களுக்குத் தெரியாததா சார்! 2016-இல் தான்சானியாவில் ஆரம்பித்த கூட்டு மதிப்பீடு ஒன்று உண்டு. நாடு தானாக விரும்பி அழைத்தால் வெளியில் இருந்து நிபுணர்கள் வருவார்கள். 19 துறைகளில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். தன் ஓட்டையைத் தானே பார்க்க வைக்கிறது என்பதால் அதை நான் மதிக்கிறேன். ஆனால் 2019 அக்டோபரில் வேறு ஒரு அமைப்பு உலக நாடுகளைத் தரவரிசைப்படுத்தியது. முதலிடம் அமெரிக்கா, இரண்டாமிடம் பிரிட்டன். ஆறு மாதம் கழித்து அந்த இரண்டு நாட்டு ஆஸ்பத்திரிகளும் பட்ட பாட்டைப் பார்த்தோம்.

எனக்குப் பிடித்த அளவுகோல் 7-1-7. 2021-இல் முன்வைக்கப்பட்டது. நோய் தலைகாட்டிய 7 நாளுக்குள் கண்டுபிடி, 1 நாளுக்குள் தெரிவி, அடுத்த 7 நாளுக்குள் முதற்கட்ட வேலைகளை முடி. எந்த இடத்தில் தாமதம், ஏன் தாமதம் என்று தேதி போட்டு எழுத வேண்டும். மெலியாந்துவில் முதல் ஏழிலேயே மூன்று மாதம் போய்விட்டது. ருவாண்டா 2024 செப்டம்பர் 27 அன்று மார்பர்க் நோயை அறிவித்தது. டிசம்பர் 20-இல் முடிந்துவிட்டது என்றது. 66 பேருக்கு நோய், 15 சாவு. பாதிக்கு மேற்பட்டோரைக் கொன்றுபோட்ட வரலாறு உள்ள நோய் அது.

பாறசாலை, தமிழ் வாசிக்கும் இல்லத்தரசி: சாறே, 2021-இல் எங்கள் பக்கம் ஸிகா வந்தபோது எல்லையில் எங்களைப் பார்த்த பார்வை மறக்காது. எல்லா நோயும் எங்கள் பக்கமிருந்துதான் வருமா?

வராது சேச்சி. பரிசோதனை செய்கிற இடத்தில்தான் நோய் தெரியும். அந்த ஜூலையில் பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஸிகா என்று புனே ஆய்வகம் உறுதிசெய்தது. காய்ச்சலும் தடிப்புமாக வந்தவரை "டெங்குவாக இருக்கும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பாமல் மேலே பரிசோதனைக்கு விட்ட டாக்டர்களுக்குத்தான் அந்தப் பெருமை. டெங்குவைப் பரப்புகிற கொசுதான் ஸிகாவையும் பரப்புகிறது, அதே கொசு இந்தப் பக்கமும் உண்டு. இங்கே தேடியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதைச் சத்தம் போட்டுச் சொல்ல நான் விரும்பவில்லை.

இரண்டு பக்கமும் ரப்பர். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றதும் சிரட்டையை மரத்திலேயே நிமிர்த்தி விட்டுவிடுவார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாய்த் தண்ணீர். ஒரு தோட்டத்தில் எத்தனை மரமோ அத்தனை கொசுத்தொட்டி. கவிழ்த்து வைத்தால் தீர்ந்தது. ஆனால் நம் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் தினக்கூலிக்காரர்கள். தோட்ட முதலாளி திருவனந்தபுரத்தில் இருப்பார், காவல்காரர் கேட்டைத் திறக்க மாட்டார்.

இன்னொரு சிக்கலையும் சொல்கிறேன். அருமனைக்காரருக்குக் காய்ச்சல் முற்றினால் போவது திருவனந்தபுரத்துக்கு. அங்கே நோய் என்று சந்தேகித்து டாக்டர் எழுதும் பி ஃபார்மும், பரிசோதனை முடிவை ஆய்வகம் எழுதும் எல் ஃபார்மும் முதலில் அந்த மாவட்டக் கணக்கில் சேரும். முகவரியில் "களியக்காவிளை அருகே" என்று மட்டும் இருந்தால் எந்த மாநிலம் என்றே தெரியாது. 2021 ஏப்ரலில் இந்தத் தகவல்களைப் பதியக் கணினித் தளம் வந்தபிறகு வேகம் கூடியிருக்கிறது, உண்மை. நான் வேலையில் இருந்த காலத்தில் கேரளத்து இஞ்சிவிளைப் பக்கத்து ஜூனியர் ஹெல்த் இன்ஸ்பெக்டரும் நானும் ஃபார்ம் வருமுன்பே போனில் பேசிக்கொள்வோம், "இன்ன வீட்டில் மஞ்சள்காமாலை, கிணற்றைப் பாருங்க" என்று. அது எங்கள் இருவருக்குள் இருந்த பழக்கம். ஒருவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்ததும் அறுந்துபோனது. அந்தப் பழக்கத்தை இரண்டு மாவட்டமும் கையெழுத்துப் போட்ட ஏற்பாடாக மாற்றுவதற்கு ஆகும் செலவு என்று பார்த்தால் நாலு கூட்டம், டீ, வடை. கிசி நாட்டு மூலையிலும் உதவிக்குப் போகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். ரிப்பன் வெட்டித் திறந்த கருவி, ரசாயனம் வாங்கக் காசில்லாமல் துணிபோட்டு மூடிக் கிடப்பதைப் பார்த்தவன் நான்.

அருமனை, பாட்டி ஒருவர்: வாவல் கடித்த கொய்யாவைக் கழுவித் தின்னலாமா?

வேண்டாம் அம்மா. கழுவினாலும் வேண்டாம், கடி பட்ட பக்கத்தை அறுத்துப் போட்டாலும் வேண்டாம். வாவலின் எச்சில் பட்ட பழம் வழியாக நிப்பா நோய் வரலாம். அந்த நிப்பா 2018-இல் கோழிக்கோடு, மலப்புரத்தில் 17 உயிரைக் கொண்டுபோயிற்று. நோயாளியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினியும் அதில் ஒருவர். மறுவருஷம் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு வந்தது. முந்தின வருஷப் பாடம் கையில் இருந்ததால் அந்த ஒருவரோடு நின்றது, அவரும் பிழைத்துக்கொண்டார். உங்கள் மரத்துப் பழத்தில் கடித்தடம் இல்லாததைப் பறித்து நன்றாகக் கழுவித் தின்னுங்கள்.

பளுகல், ஆட்டோ ஓட்டுநர்: தெருவில் நாலைந்து வீட்டில் ஒரே மாதிரி காய்ச்சல் என்றால் யாரிடம் சொல்ல? பாதித் தெரு கேரளம்.

சுகாதார உதவி எண் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் திஷா எண் 1056. உங்கள் தெருவுக்கு இரண்டையும் கூப்பிடுங்கள், தப்பில்லை. இந்தப் பக்கத்து நர்சம்மாவிடமும் அந்தப் பக்கத்து ஆஷா சுகாதாரப் பணியாளரிடமும் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். முதல் காய்ச்சல் எந்தத் தேதி, யார் எங்கே போய்வந்தார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். பக்கத்தில் கோழியோ ஆடோ செத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லி, புதைத்த இடத்தைக் காட்டிக் கொடுங்கள்.