மெடிக்கல் காலேஜ் சீட்டுக்காக இபிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள்

அக்கா, பாடாங் செராயிலிருந்து நீங்களும் அண்ணனும் வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து மனசு கேட்கவில்லை. பள்ளி முடிக்கும் எஸ்பிஎம் தேர்வு ரிசல்ட் நன்றாகத்தான் இருக்கிறது, பையனைப் பற்றிப் பயம் வேண்டாம். ஆனால் அண்ணனின் ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் பணத்தை எடுத்து, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, தனியார் காலேஜில் மெடிசின் சேர்ப்பது கூடவே கூடாது. பெரியப்பா வீட்டில் ஒரு டாக்டர் இருந்தால் நம் வீட்டிலும் இருக்க வேண்டுமா? 2016 கடைசியிலிருந்து மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் புது டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கினார்கள், எல்லாருக்கும் நிரந்தர வேலை கிடைத்துவிடவில்லை.

அன்றைக்கு மெடிசின் பேச்சு வந்தபோதெல்லாம் தரையைப் பார்த்த பையன், காப்பர் சல்பேட் படிகத்தை நூலில் கட்டி வளர்த்த கதையை ஆரம்பித்ததும் நிறுத்தவே இல்லை. கவனித்தீர்களா? அதேபோல் படிகம் வளர்ப்பதையே பெரிய தொழிலாகச் செய்கிறார்கள் அக்கா, செயற்கை வைரம் வளர்ப்பது. மெல்லிய வைரத்துண்டு ஒன்றை விதையாக வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்த கலனில் ஹைட்ரஜனோடு கொஞ்சம் மீத்தேன் விட்டு, மைக்ரோவேவால் பிளாஸ்மாவாக்குவார்கள், அதாவது மின்னேற்றம் பெற்று ஒளிரும் வாயுவாக்குவார்கள். 800, 900 டிகிரி சூட்டில் மீத்தேனின் கார்பன் விதைமேல் அணு அணுவாகப் படியும், நடுவே கிராஃபைட்டாக, அதாவது பென்சில் கரியாகப் படிவதை ஹைட்ரஜன் அரித்து எடுத்துவிடும். இதற்கு முந்தைய முறை 1954 டிசம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் செய்துகாட்டியது, அது பயங்கர அழுத்தத்தில் உருகிய உலோகத்தில் கார்பனைக் கரைத்து வைரமாக்குவது.

நகையை நினைக்காதீர்கள், அந்தக் கல்லின் விலை சரிந்துவிட்டது. பிழைப்பு தொழிற்சாலையில்தான். சிப் செய்யும் மெல்லிய சிலிக்கான் தகடான வேஃபரைச் சில்லு சில்லாக அறுக்கும் பிளேடு முடியைவிட மெல்லியது, விளிம்பெல்லாம் வைரத்தூள், நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுற்றும். வெப்பத்தைச் செம்பைவிட ஐந்து மடங்கு வேகமாகக் கடத்துவதால் சூடாகும் சிப்புக்கு அடியிலும் வைரத்தகடு வைக்கிறார்கள். ஆனால் இரும்பைக் கடைய வைரம் உதவாது, கடையும்போது எழும் சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்புக்குள் கரைந்துபோகும். எங்கே வைரம், எங்கே வேறு பொருள் என்று முடிவு செய்யும் ஆள்தான் மெட்டீரியல்ஸ் இன்ஜினியர். சிப் ஃபேக்டரிகள் வேறெங்கோ இல்லை, பக்கத்து கூலிம் ஹைடெக் பார்க்கிலேயே இருக்கின்றன.

வைரம் வளர்க்கும் வேலையே உள்ளூரில் உடனே கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் மெட்டீரியல்ஸ் படிப்புக்குக் கதவுகள் பல. நிபோங் திபாலில் உள்ள யூஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்தில் மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணம், அரசாங்கம் தரும் பிடிபிடிஎன் படிப்புக் கடனிலேயே சமாளிக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு மெட்ரிகுலேஷனோ எஸ்டிபிஎம்மோ, எது கிடைத்தாலும் சரி, பிசிக்ஸை மட்டும் விடவேண்டாம். கணக்கில் கொஞ்சம் தடுமாறுகிறான் என்றீர்களே, அதற்கு இந்த மாதமே டியூஷன் வையுங்கள். பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.