அப்பாவின் கேஸ் மாத்திரையை நிறுத்தலாமா?

புளியரை வாசகர் ஒருவரின் கேள்வி: "அப்பாவுக்கு 71 வயது. நிமோனியா வந்து திருவனந்தபுரத்தில் ஒரு வாரம் வார்டில் இருந்தார். டிஸ்சார்ஜ் ஆகும்போது பேண்டோப்பிரசோல் 40 (இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை) எழுதினார்கள். எட்டு மாதமாகியும் போடுகிறார். வயிற்றுத் தொந்தரவே இருந்ததில்லை. நிறுத்தலாமா?"

விவரம் இவ்வளவுதான் என்றால் நிறுத்தலாம். உள்ளூர் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐசியூவில் இரண்டு நாளுக்கு மேல் வெண்டிலேட்டரில் கிடப்பவருக்கு இரைப்பையில் ரத்தம் கசியலாம். அவருக்கு இது காப்பு. வார்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறவருக்கு எதற்கு? ஆன்டிபயாட்டிக் எழுதும் கை பழக்கத்தில் இதையும் எழுதிவிடுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டிலும் அப்படியே ஏறிவிடும், எத்தனை நாளைக்கு என்று இருக்காது. எழுதியவர் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம், கேரளாவில். இங்கே இருப்பவரோ, 'பெரிய ஆஸ்பத்திரியில் எழுதினது, நமக்கெதுக்கு' என்று விட்டுவிடுவார்.

லாபம் மெடிக்கல் கடைக்கு. பழைய சீட்டை நீட்டினால் மாதாமாதம் அட்டை வரும். அதைவிட மோசம், "அது ஸ்டாக் இல்லை, இது இன்னும் நல்லா கேட்கும்" என்று டொம்பெரிடோன் கலந்த கேப்சூலைத் தள்ளிவிடுவது. பெயரின் முடிவில் பெரும்பாலும் 'டி' என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். டொம்பெரிடோன் வாந்திக்கானது, வயதானவர்களுக்கு இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கக்கூடியது. இன்றே அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ அப்பா சாப்பிடுகிறாரா? ஸ்டென்ட் வைத்தவரா? அப்படியானால் இந்த மாத்திரைதான் இரைப்பைக்குக் காவல், தொடாதீர்கள். முட்டுவலி மாத்திரைக்கும் இதே கதை. அதையெல்லாம் பெரியவர்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை; கேட்டால் "ஒண்ணும் இல்லை" என்பார். சட்டைப் பையைத் துழாவிப் பாருங்கள். க்ளோபிடோக்ரெல் இருந்தால், பேண்டோப்பிரசோலுக்குப் பதில் ஓமிப்ரசோல் என்ற இன்னொரு கேஸ் மாத்திரையைக் கடைக்காரர் மாற்றிக் கொடுக்கவும் விடாதீர்கள். அது க்ளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும்.

நிறுத்தியதும் சில நாள், சிலருக்குச் சில வாரம்கூட, நெஞ்சு எரியலாம். அடக்கி வைத்த அமிலம் துள்ளுகிறது, அவ்வளவுதான். 'ஐயோ, அல்சர்' என்று மறுபடி ஆரம்பித்துவிட்டால் பிறகு விடவே முடியாது. ஆன்டாசிட் மருந்தைக் குடித்துச் சமாளிக்கலாம். முடியவில்லை என்றால் டாக்டர் 20 மில்லிகிராமாகக் குறைத்து நிறுத்துவார். மலம் தார் மாதிரி கருத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, கடைக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.