தியோடர் ஸ்ட்ரேலோ: அரண்டா மொழியில் வளர்ந்த பாதிரியார் மகன் (கேள்வி பதில்)

மிஷனரி வீட்டில் பிறந்து மொழியறிஞரானவர்களில் நீங்கள் யாரை முதலில் சொல்வீர்கள், ஐயா?

தியோடர் ஸ்ட்ரேலோவை. 1908இல் நடு ஆஸ்திரேலியாவில், ஃபிங்கே ஆற்றங்கரை ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷனில் பிறந்தவர். தந்தை கார்ல், ஜெர்மானியப் பாதிரியார்.

பழங்குடி மொழியை யாரிடம் கற்றார்?

கூட விளையாடிய பிள்ளைகளிடம். மூத்த பிள்ளைகளை ஜெர்மனியில் விட்டுவிட்டு, கடைக்குட்டியான இவரை மட்டும் பெற்றோர் மிஷனுக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். வீட்டில் ஜெர்மன், வாசலைத் தாண்டினால் அங்கிருந்த பழங்குடியினரின் மொழியான அரண்டா.

தந்தையே அரண்டா பற்றி நிறைய எழுதியவராயிற்றே. மகன் புதிதாக என்ன செய்தார்?

நல்ல கேள்வி. கார்லின் நூல் பெரிய சாதனைதான். ஆனால் பாதிரியார் என்பதால் அவர் சடங்குகளுக்குப் போகமாட்டார். பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். 1922இல் நோய் முற்றி, வைத்தியம் தேடிப் போகும் வழியில் இறந்தார். மகனுக்கு அப்போது 14 வயது.

அடிலெய்டில் பட்டம் பெற்று 1932இல் திரும்பிய மகன், சடங்கு நடக்கும் இடத்திலேயே உட்கார்ந்து பாடல்களைப் பதிவு செய்தார். அந்தப் பாட்டில் தாளத்துக்கேற்பச் சொல்லின் எல்லையே மாறிவிடும், பழஞ்சொற்களும் கலந்திருக்கும். பேச்சுமொழி தெரிந்தால் மட்டும் போதாது. பெரியவர்கள் பிரித்துப் பொருள் சொல்ல, பல ஆண்டுகள் உழைத்து அவர் எழுதியதுதான் 1971இல் வெளிவந்த 'மத்திய ஆஸ்திரேலியப் பாடல்கள்'. கிரேக்கக் கவிதைகளோடும் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழிக் கவிதைகளோடும் சமமாக வைத்து இந்தப் பாடல்களைப் பற்றிப் பேசினார். பழங்குடிகளுக்கு இலக்கியமே இல்லை என்று பலர் நம்பிய காலத்தில் வளர்ந்தவர் அப்படிப் பேசியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒரு தூக்குத் தண்டனை வழக்கிலும் இவர் பெயர் வருகிறதே?

1959, மேக்ஸ் ஸ்டூவர்ட் வழக்கு. சிறுமியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட அரண்டாக்காரர். போலீசார் காட்டிய ஒப்புதல் வாக்குமூலம் சரளமான ஆங்கிலத்தில் இருந்தது. ஸ்ட்ரேலோ சிறைக்குப் போய் அவரிடம் அரண்டாவில் பேசினார்; அது அவருடைய ஆங்கிலமே அல்ல என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். தீர்ப்பு ரத்தாகவில்லை, ஆனால் எதிர்ப்பு வலுத்து, தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

புகைப்பட விவகாரத்தில் அவர் மேல் தப்பு உண்டா?

உண்டு. உரிய சடங்குகளைக் கடந்து அனுமதி பெறாதவர்கள் பார்க்கக் கூடாத சடங்குப் படங்களை ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' இதழுக்கு விற்றார். 1978இல் அவை ஆஸ்திரேலிய இதழ் ஒன்றிலும் வந்துவிட்டன. பெரியவர்கள் தம்மை நம்பி ஒப்படைத்தார்கள் என்பது அவர் வாதம். அவரிடம் காட்டியது உலகத்துக்குக் காட்டச் சொன்னதாகாதே! அவருடைய புலமைமேல் எவ்வளவு மதிப்பிருந்தாலும் இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சேகரிப்பு இப்போது எங்கே?

1978 அக்டோபரில், தம் பெயரிலான ஆய்வு அறக்கட்டளையின் தொடக்க நாளன்று அவர் இறந்தார். பாடல் பதிவுகள், படங்கள், வம்சாவளிக் குறிப்புகள் இப்போது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஸ்ட்ரேலோ ஆய்வு மையத்தில் உள்ளன. அரண்டாக் குடும்பத்தார் தங்கள் முன்னோர் பற்றிய பதிவுகளை அங்கே போய்த் தேடுகிறார்கள்.