நிறத்துக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில்: கேள்வி பதில்

கிளிநொச்சியில் சித்திரப் பாடம் படிப்பிக்கிறேன். உருவம் எதுவும் இல்லாமல் பெரிய நிறப் பரப்புகளாகவே வரையும் நிறவெளி ஓவியங்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

முள்ளியவளையிலிருந்து ஒரு மாணவி: சேர், படம் முழுக்க இரண்டு நிறம்தான். இதில் என்னத்தைப் பார்க்கிறது?

எதையும் தேடாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள், பிள்ளை. இந்த வகைப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்க ஓவியர் மார்க் றொத்கோ தன் பெரிய படங்களை 18 அங்குலத் தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னவர். எங்கள் கணக்கில் ஒரு முழம். அவ்வளவு கிட்டப் போனால் படத்தின் ஓரம் கண்ணை விட்டுப் போய்விடும். கொஞ்சம் பொறுத்தால் சிவப்புக்குள்ளிருந்து இன்னொரு சிவப்புக் கிளம்பும். வர்ணத்தை நன்றாக ஐதாக்கிப் படைமேல் படையாகப் பூசினவர். வெளிச்சம் மேற்படைகளுக்குள்ளால் போய்த் திரும்பி வருகிறது. கைத்தொலைபேசியில் இது பிடிபடாது.

இரணைமடுக் குளக்கட்டில் பொழுதுபடும் நேரம் நின்றிருக்கிறீர்களா? தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு நேரம் வரும். றொத்கோவின் இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடமும் அப்படித்தான், பஞ்சு பிய்த்த மாதிரி இருக்கும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா: பொழுதுபட்டால் முற்றத்துச் செவ்வரத்தை கறுத்துத் தெரிகிறது. என் கண்ணில் பிழையோ?

பிழையே இல்லை, அம்மா. வெளிச்சம் குறைய, நிறம் பிரித்தறியும் கூம்புக் கலங்கள் ஓய்ந்து, கோல் கலங்கள் வேலைக்கு வரும். கோல்களுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. நீலமும் பச்சையும் நன்றாக எட்டும். அதனால்தான் பூ கறுத்து, இலை அதைவிட வெளிச்சமாகத் தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதிய செக் விஞ்ஞானி புர்க்கின்யேயின் பெயரால் இதைப் புர்க்கின்யே விளைவு என்கிறார்கள். நாளைக்கு விளக்கு ஏற்ற முன்னம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு இருங்கள். நல்ல ஓவியப் பாடம் அது.

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி: என் ஐந்து வயது மகனும் இப்படிக் கீறுவானே?

கீறட்டும், தம்பி. யோசெப் அல்பெர்ஸ் என்ற ஓவியர், பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்று பார்க்க, 1950இல் தொடங்கி, 1976இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரமாகவே ஆயிரத்துக்கு மேல் வரைந்தவர். ஒரே சாம்பல் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்பிலும் மற்றதை வெள்ளையிலும் வைத்து மகனுக்குக் காட்டுங்கள். இரண்டும் வேறு நிறம் என்பான்.

மாங்குளத்திலிருந்து ஒரு ஐயா: உருவமே இல்லாததில் பக்தி எப்படி வரும்?

சிதம்பரத்தில் திரையை விலக்கினால் என்ன இருக்கிறது, ஐயா? வெளியும் தொங்கும் பொன் வில்வ இலைகளும்தானே. அமெரிக்காவின் ஹியூஸ்ரனில் றொத்கோவின் 14 ஓவியங்களுக்கென்றே கட்டிய வழிபாட்டு மண்டபம் 1971இல் திறக்கப்பட்டது. எல்லாம் கறுப்பும் கருஞ்சிவப்பும் ஊதாவும். எந்த மதத்தவரும் போய்ச் சும்மா இருக்கலாம். றொத்கோ அதைப் பார்க்கவில்லை, 1970இலேயே இறந்துவிட்டார். திரை விலக முன்னம் மூலஸ்தானத்துக்கு முன் நிற்கும்போது மனம் ஒரு இடத்தில் கூடுமே, எனக்கு இந்தப் படங்களுக்கு முன்னும் அப்படித்தான்.

பரந்தனிலிருந்து ஒரு தங்கச்சி: வீட்டில் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. அமெரிக்க ஓவியர் ஹெலன் பிராங்கந்தாலர் 1952இல் எண்ணெய் வர்ணத்தை ஐதாக்கி, பூச்சுப் பூசாத துணியை நிலத்தில் விரித்து ஊற்றினவர். ஆனால் எண்ணெய் நாளடைவில் துணியை அரிக்கும். நீங்கள் தண்ணீரில் கரையும் பெயின்ற் எடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியைக் கஞ்சி போகக் கழுவி, ஈரத்தோடு விரித்து, ஒரு மூலையில் ஊற்றிவிட்டுத் துணியைத் தூக்கிச் சாய்த்து ஓடவிடுங்கள். தூரிகை வேண்டாம். காய்ந்ததும் நிறம் மாறியிருக்கும். அடுத்த நாள் காலையில் பார்த்துவிட்டு இரண்டாவது நிறத்தை ஊற்றுங்கள்.