பதில்: ஈஸிசேரில் உட்கார்ந்தால் மட்டும் மிருதங்கம் குமுறுகிறது

நண்பரே, 12 அடி நீள அறையில் ஈஸிசேர் பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே உட்கார்ந்தால் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒலி கும்மென்று அடைத்துப் பாடகர் குரலை மூடுகிறது, எழுந்து நடந்தால் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் ஸ்பீக்கரில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை. புது ஆம்ப்ளிஃபயர் வாங்கும் யோசனையைத் தள்ளிப் போடுங்கள்.

தாழ்ந்த ஒலிகள் சுவரோரம்தான் திரளும். உங்கள் அறை நீளத்துக்கு அப்படித் திரளும் ஒலி 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) பக்கம் ஒன்று, 94 பக்கம் இன்னொன்று. நாற்காலியைச் சுவரிலிருந்து நாலரை அடி முன்னால் இழுங்கள். அது அறை நீளத்தில் சுமார் 38 சதவீதம், பலரும் தொடங்கும் இடம். அங்கிருந்து அரையடி அரையடியாக நகர்த்திக் காதால் முடிவு செய்யுங்கள். சரிபாதிக்கு மட்டும் போக வேண்டாம், அந்த 47 அங்கே காணாமல் போய்விடும்.

அப்புறம், சாய்ந்து உட்கார்ந்தால் காது இறங்கிவிடும், ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் சின்னப் பகுதி) தலைக்கு மேலே பாடும். ஸ்பீக்கரின் பின்பக்க அடியில் சின்ன மரக்கட்டை வைத்து அதை முன்னால் லேசாகச் சாய்த்து வையுங்கள். விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

நாற்காலி நடுவழியில் நிற்கிறதென்று வீட்டில் முணுமுணுப்பு வரும். தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், கேட்கும்போது மட்டும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.